வியாழக்கிழமைதோறும் ஒரு பழைய கேம்: ஹாம்ஸ்டரின் ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம் பித்துப் பிடித்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஹாம்ஸ்டர் என்பது என்ன நிறுவனம்?

தோக்கியோவில் 1999-இல் தொடங்கிய சிறிய கேம் நிறுவனம். தலைவர் சதோஷி ஹமாதா. ஆரம்ப நாட்களில் பிளேஸ்டேஷனுக்கு மற்றவர்கள் வெளியிட்ட கேம்களை மலிவு விலையில் மறுபதிப்பு செய்து விற்றார்கள். பிறகு பிளேஸ்டேஷன் 2 காலத்தில், காசு போட்டு ஆடும் ‘ஆர்கேட்’ கடைகளில் இருந்த பழைய கேம்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 2014 மே மாதம் பிளேஸ்டேஷன் 4-இல் ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ வரிசை ஆரம்பமானது. இன்று ஹாம்ஸ்டர் என்றாலே அந்த வரிசைதான்.

வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு கேம் வெளிவரும். எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ எந்திரத்துக்கு வந்த கேம்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிட்டது. அடுத்து வருவது எது என்பதை யூடியூபில் ஒரு வாராந்திர நிகழ்ச்சி நடத்திச் சொல்கிறார்கள். அந்த அறிவிப்புக்காக உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. நானும் அதில் ஒருவன், சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சின்ன வயதில் கேசட் போட்டு ஆடினோமே, அதே கேம்கள்தானே?

பெயர் அதேதான், ஆனால் கேம் அதே இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

90-களில் நம் ஊரில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகள், 1983-இல் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் எந்திரத்தைப் பார்த்து அடித்த நகல்கள். அவற்றில் ஓடியது வீட்டு எந்திரத்துக்காகச் சுருக்கி எழுதிய பதிப்பு. கடையில் நின்று காசு போட்டு ஆடும் பெட்டிக்குள் இருந்ததோ அந்த ஒரு கேமுக்காகவே தயாரித்த தனி சர்க்யூட் போர்டு. படம், ஒலி, வேகம் எல்லாமே வேறு.

காண்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டில் அகலமான திரையில் ஓடியவர்கள், 1987-இல் வந்த ஆர்கேட் மூலத்தைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். திரை நெட்டுக்குத்தாக நிற்கும். மேலே மேலே கீழே கீழே என்று அமுக்கி 30 உயிர் வாங்கும் தந்திரமும் அதில் கிடையாது. டாங்கி காங் ஆர்கேடில் நான்கு கட்டங்கள், ஃபேமிகாம் பதிப்பில் மூன்றுதான். சிமெண்ட் சட்டிகள் பட்டையில் ஊர்ந்து வரும் கட்டத்தை வெட்டிவிட்டார்கள்.

மரியோ கதை இன்னும் வேடிக்கை. வீட்டு கேம் கடைக்குப் போனபோது ‘விஎஸ். சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆனது. அடிக்கடி காசு விழ வேண்டுமே! அதனால் உதவிப் பொருட்களைக் குறைத்து, சில கட்டங்களையே மாற்றிக் கடினமாக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு மரியோ ஆடுவேன் என்கிறவர்கள் இதில் கால் வைத்துப் பார்க்கலாம்.

இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே, எதற்குக் காசு?

கிடைக்கிறது, ஆனால் சட்டப்படி அல்ல. ஜப்பானில் நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு, வெளியான பிறகு 70 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1981-இன் டாங்கி காங் 2051 கடைசி வரை உரிமையாளர் கையில்தான்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய எந்திரம் மாதிரியே கணினியை நடந்துகொள்ள வைக்கும் ‘எமுலேட்டர்’ மென்பொருளை எழுதிய ஆர்வலர்கள் இல்லாவிட்டால் பாதி ஆர்கேட் கேம்கள் இன்று இருந்திருக்காது. நிறுவனங்கள் போர்டுகளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தது அவர்கள்தான். ஆனால் அந்த வழியில் போகும்போது, எழுதியவருக்கும் உரிமையாளருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. ஹாம்ஸ்டர் வெளியிடும் கேம் பெரும்பாலும் 7.99 டாலர், ஜப்பானில் 838 யென். இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசு.

ஒரு பழைய கேமை எப்படி மீட்கிறார்கள்?

முதலில், ஏன் அவசரம் என்று பார்ப்போம். போர்டு சும்மா அலமாரியில் இருந்தாலும் சாகும். கெப்பாசிட்டர்கள் கசிந்து செம்புப் பாதையை அரிக்கும். கேம் எழுதப்பட்டிருக்கும் ரோம் சிப்புகளில் ஒரு வகையின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், அதனால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். முப்பது நாற்பது வருடத்தில் பசை காய்ந்து ஸ்டிக்கர் விழுந்தால் கதை முடிய ஆரம்பிக்கும். ஸ்டிக்கர் விழாவிட்டாலும் சிப்பில் தேங்கிய மின்னூட்டம் மெல்ல மெல்ல வடியும்.

இன்னும் கொடுமை, திட்டமிட்டே வைத்த சாவு. திருட்டு நகல் எடுக்கக்கூடாது என்று, கேமைப் பூட்டிய சாவியை ஒரு பேட்டரி உயிரோடு வைத்திருக்கும் நினைவகத்தில் எழுதியிருந்தார்கள். கேப்காமின் 1993 காலத்து சிபிஎஸ்-2 போர்டுகள் இப்படித்தான். பேட்டரி தீர்ந்தால் சாவி போகும், சாவி போனால் கேம் திறக்காது. இதற்கு ‘தற்கொலை பேட்டரி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை செய்யும் போர்டு கிடைத்தால் சிப்பை சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்து, ரீடரில் செருகி உள்ளே இருப்பதைப் படித்தெடுப்பார்கள். பாக்-மேனின் நிரல் மொத்தமே 16 கிலோபைட். காலையில் உங்களுக்கு வரும் ‘இனிய காலை வணக்கம்’ படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

சில சிப்புகள் படிக்கவே விடாது. 1986-இன் பப்பிள் பாபிளில் அப்படி ஒரு காவல்கார சிப் இருந்தது. அது என்ன செய்கிறது என்று ஆர்வலர்கள் பல வருடம் ஊகித்துத்தான் ஒப்பேற்றினார்கள். உண்மையான நிரல் பிறகுதான் கைக்கு வந்தது. இப்படிப்பட்ட சிப்புகளில் சிலவற்றின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படம் எடுத்து, ஒன்று பூச்சியம் என்று கண்ணால் எண்ணி எழுதியதும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் கிடைத்திருப்பது வெறும் கோப்பு. அதை ஓட்ட, பழைய போர்டின் ஒவ்வொரு சிப்பும் எப்படி நடந்துகொண்டது என்பதைப் புதிய எந்திரத்தில் மென்பொருளாக எழுத வேண்டும். மூலப் போர்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எங்கே பிசகு என்று தெரியும்.

உரிமை வாங்குவது அவ்வளவு கஷ்டமா?

நிரலை மீட்பதைவிடக் கஷ்டம் என்றே நினைக்கிறேன். 80-களில் கேம் செய்த பல நிறுவனங்கள் மூடிவிட்டன, கைமாறிவிட்டன. யாரிடம் கையெழுத்து வாங்குவது என்றே தெரியாத கேம்கள் ஏராளம்.

ஹாம்ஸ்டர் இதற்கு நேரடியான வழி ஒன்றைப் பிடித்தது. முடிந்த இடத்தில் உரிமையையே வாங்கிவிட்டது. நிச்சிபுட்சு என்ற பழைய நிறுவனத்தின் கேம் உரிமைகளை 2014-இல் வாங்கியது. யூபிஎல், வீடியோ சிஸ்டம், என்எம்கே ஆகியவற்றின் கேம்களும் இப்போது அதனிடம்தான். பெரிய நிறுவனங்களான கொனாமி, டைட்டோ, நிண்டெண்டோ போன்றவற்றிடம் ஒவ்வொரு கேமாகப் பேசி உரிமம் பெறுகிறது. நாம்கோ 2021 செப்டம்பரில் பாக்-மேன், செவியஸ் இரண்டோடு உள்ளே வந்தது.

இதில் ஒரு கிளைக்கதை. நிச்சிபுட்சுவின் மூன் கிரெஸ்டா (1980), டெர்ரா கிரெஸ்டா (1985) வரிசையில் அடுத்த கேம் வருகிறது என்று பிளாட்டினம் கேம்ஸ் நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று அறிவித்தது. முட்டாள்கள் தினக் கேலி என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு, இல்லை நிஜம்தான் என்றார்கள். ஹாம்ஸ்டரின் உரிமத்தோடு 2022-இல் ‘சோல் கிரெஸ்டா’ வெளியாகியும் விட்டது.

டாங்கி காங் மட்டும் ஏன் 2018 வரை வரவில்லை?

டாங்கி காங்கை வடிவமைத்தது நிண்டெண்டோவின் மியாமோட்டோ என்று எல்லோருக்கும் தெரியும். நிரலை எழுதியது இக்கெகாமி சூஷின்கி என்ற வெளி நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. நிரல் யாருக்குச் சொந்தம் என்று 1983-இல் வழக்கு எழுந்தது. 1990-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. நிண்டெண்டோ வீட்டுப் பதிப்பை எத்தனையோ தடவை விற்றும், ஆர்கேட் மூலத்தை நெருங்காமலே இருந்ததற்கு இந்தப் பழைய சிக்கல்தான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

2018 ஜூன் மாதம் ஹாம்ஸ்டர் அதை நிண்டெண்டோவின் ஸ்விட்ச் எந்திரத்தில் வெளியிட்டபோது, ஒன்றுக்கு மூன்றாக வந்தது: ஜப்பானில் முதலில் வந்தது, பிறகு திருத்தியது, வெளிநாட்டுக்குப் போனது.

பழைய கேமில் இருந்த தப்புகளைத் திருத்திவிடுவார்களா?

மாட்டார்கள். நான் அவர்களை மதிப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

டாங்கி காங்கில் 22-ஆவது நிலைக்குப் போய்விட்டால் யாராலும் தப்பிக்க முடியாது. ஏன் என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு நிலையிலும் உங்களுக்கு எவ்வளவு நேரம் என்பதை, நிலை எண்ணோடு 4 கூட்டி 10-ஆல் பெருக்கி எடுக்கிறது நிரல். 22-உடன் 4 சேர்ந்தால் 26, பத்தால் பெருக்கினால் 260. ஆனால் அந்தக் கால 8 பிட் சிப்பில் ஒரு நினைவக அறைக்குள் 255-க்கு மேல் அடங்காது. அளவுப்படியில் வழிந்த அரிசி மாதிரி 256 வெளியே கொட்டிவிட, மிச்சம் 4. திரையில் அது நூறு மடங்காகத் தெரியும், நேரம் 400 என்று தொடங்கும். இரண்டு ஏணி ஏறுவதற்குள் நேரம் தீர்ந்து மரியோ செத்துவிழுவார்.

பாக்-மேனில் 256-ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாக மாறுவதும் இதே வழிசல்தான்.

டாங்கி காங்கின் தப்பைத் திருத்த ஒரு வரி மாற்றினால் போதும். திருத்தினால் கேம் நன்றாகும். ஆனால் அது 1981-இல் வந்த கேமாக இருக்காது. இத்தனை வருடமாக உலகத்தில் இந்த ஆட்டத்தில் போட்டி போடுகிறவர்கள் எல்லோரும் அந்த 22-ஆம் நிலைக்குள் எவ்வளவு புள்ளி எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். தப்பே ஆட்டத்தின் எல்லைக்கோடாகிவிட்டது.

நல்ல கேம்களை மட்டும் எடுக்காமல் யாருக்கும் தெரியாததை எல்லாம் ஏன் வெளியிடுகிறார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோபமும் கொஞ்சம் வரும்.

பாக்-மேன் அழியாது. அதைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வருவார்கள். ஸ்கை ஸ்கிப்பரை யார் காப்பாற்றுவார்கள்? 1981-இல் நிண்டெண்டோ செய்த கேம் அது. சோதனைக்குக் கடைகளில் வைத்தபோது யாரும் சீண்டவில்லை. போர்டுகளையெல்லாம் மாற்றி அடுத்த ஆண்டின் பாப்பாய் கேமுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் நிண்டெண்டோ அலுவலகத்தில் ஒரே ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியிருந்தது. பெட்டியின் ஓவியங்களை ஸ்கேன் செய்து, அச்சு அசலாக மறுபடி உருவாக்க ஆர்வலர்கள் சிலர் மெனக்கெட்டார்கள். 2018 ஜூலையில் ஹாம்ஸ்டர் வழியாக அந்த கேம் வீடுகளுக்கு வந்தது. பிறந்து 37 வருடம் கழித்து, ஆர்கேட் மூலப் பதிப்பு பொதுமக்கள் கைக்கு முதல்முறை!

ஆடிப் பார்த்தேன். சுமார்தான். சிவப்பு விமானத்தில் பறந்து கொரில்லாக்கள் மேல் குண்டு போட்டு, திறக்கிற கூண்டுகளிலிருந்து சீட்டுக்கட்டு ஆட்களை மீட்க வேண்டும். ஏன் தோற்றது என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அதே ஆண்டு, அதே நிறுவனம், ஒன்று டாங்கி காங், இன்னொன்று இது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் தெரிகிற விஷயம், வெற்றிபெற்றதை மட்டும் ஆடினால் தெரியாது.

ஹை ஸ்கோர், கேரவன் என்றெல்லாம் மெனுவில் இருக்கிறதே?

ஹை ஸ்கோர் என்றால் எல்லோருக்கும் ஒரே அமைப்பு, நடுவில் நிறுத்தி வைக்கவோ சேமிக்கவோ முடியாது. எடுத்த புள்ளி உலகப் பட்டியலில் ஏறும். கேரவனில் ஐந்தே நிமிடம், அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஹட்சன் நிறுவனம் 1985 முதல் கோடை விடுமுறையில் ஜப்பான் முழுக்க ஊர் ஊராக நடத்திய போட்டிகளின் பெயர் அது. நொடிக்கு 16 தடவை பட்டனை அமுக்கும் தகஹாஷி ‘மெய்ஜின்’ (வித்தகர் என்று பொருள்) அங்கே கிளம்பிய நட்சத்திரம்.

வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்களுக்குக் கேரவன்தான் சரி. ஐந்து நிமிடம் என்று சொல்லி உட்கார்ந்து ஒரு மணி நேரம் போவது வேறு விஷயம்.

‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ் 2’ என்ன, புதிய எந்திரம் வேண்டுமா?

ஆமாம். 2025 ஜூன் 5 அன்று, ஸ்விட்ச் 2 வெளியான அதே நாளில் தொடங்கியது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எந்திரங்களிலும் உண்டு. முதல் கேம், நாம்கோவின் 1993 ரிட்ஜ் ரேசர். விலையும் வழக்கத்தைவிடக் கூடுதல். இந்த ரிட்ஜ் ரேசருக்கு ஒரு காலத்தில் நிஜ மாஸ்டா காரையே கடைக்குள் நிறுத்தி, எதிரே பெரிய திரை வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து ஆடுகிற பதிப்பு இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஆட்டத்தைச் சில நொடி பின்னால் கொண்டுபோய் மறுபடி ஆடுவது, நேரப் போட்டி, பல இடங்களில் சேமிப்பது எல்லாம் இதில் வந்திருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: மாறும் புதுப்பிப்பு வேகம். நம் டிவி நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். பழைய போர்டுகள் அப்படி ஒழுங்காக இல்லை. பாக்-மேன் 60.6, ஐரெம் நிறுவனத்தின் இமேஜ் ஃபைட் போன்றவை 55. 55-ஐ 60-க்குள் அடைத்தால் திரை நகரும்போது ஒரு சின்ன விக்கல் தெரியும். புதிய வரிசையில், ஏற்ற திரை இருந்தால், டிவியே கேமின் வேகத்துக்கு இறங்கி வரும். கண் பழகாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்துவிட்டால் பிறகு பழையபடி ஆட முடியாது, அதனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

நியோ ஜியோ கேம்களில் ஒரு பகுதி 2021 டிசம்பரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வருகிறது. மெட்டல் ஸ்லக் அங்கே உண்டு. ஆனால் கண்ணாடித் திரையில் விரலைத் தேய்த்து மெட்டல் ஸ்லக் ஆடுவது என்னைக் கேட்டால் தண்டனை. ஒரு ப்ளூடூத் கன்ட்ரோலர் வாங்கிவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

கிரேசி கிளைம்பர். நிச்சிபுட்சு, 1980. பட்டனே கிடையாது, இரண்டு குச்சிகள் மட்டும். இடது குச்சி இடது கை, வலது குச்சி வலது கை. ஒன்றை மேலே தள்ளி மற்றதைக் கீழே இழுத்து, கை மாற்றி கை மாற்றி ஒரு வானுயரக் கட்டடத்தின் சுவரில் ஏற வேண்டும். பிடித்திருக்கும் ஜன்னலை உள்ளே இருப்பவர் சாத்தினால் விரல் நழுவும். மேலேயிருந்து பூந்தொட்டி விழும். இன்றைய கன்ட்ரோலரில் இரண்டு கட்டைவிரல் குச்சிகள் இருக்கின்றனவே, அவை இந்த கேமுக்காகவே வந்தது மாதிரி பொருந்தும். முதல் பத்து தடவை விழுவீர்கள். பதினொன்றாவது தடவை கை தானாக ஏறும்.

இப்படி விற்பதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா?

பாதிதான். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அந்தப் பள்ளத்தை வாரத்துக்கு ஒரு கூடை மண் போட்டு நிரப்புகிறது ஹாம்ஸ்டர். ஆனால் அவர்கள் விற்பது டவுன்லோடு. கடையின் சர்வர் நின்றுவிட்டால், உரிமம் முடிந்துவிட்டால், புதிதாக வாங்க முடியாது. நான் ஒரு காலத்தில் ஒரு டிஜிட்டல் கடையில் வாங்கிய கேம்கள் பழைய எந்திரத்தோடு சேர்ந்தே போய்விட்டன. ரசீது மட்டும் மெயிலில் இருக்கிறது.

மூலப் பொருளையே காப்பாற்றுவது வேறு வேலை. தோக்கியோவில் கேம் பிரசர்வேஷன் சொசைட்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதைச் செய்கிறது. 80-களின் ஜப்பானியக் கணினி கேம்களின் ஃப்ளாப்பிகளைப் பூஞ்சை பிடிப்பதற்குள், கோப்பாக மட்டுமல்ல, வட்டின் காந்தத் தடம் எப்படி இருந்ததோ அப்படியே பதிவு செய்கிறார்கள். அங்கே விற்பனையும் இல்லை, வியாழக்கிழமை வெளியீடும் இல்லை.

ஜப்பானில் வேறு யாரெல்லாம் இதைச் செய்கிறார்கள்?

எம்2 நிறுவனம் கைவேலையில் ஹாம்ஸ்டரைவிட ஒரு படி மேல் என்பது என் கருத்து. சேகாவின் பழைய கேம்கள் பலவற்றை மீட்டது அவர்கள்தான். சுடும் கேம்களில் திரையின் இரு ஓரத்திலும் மறைந்திருந்த கணக்குகளையெல்லாம் காட்டும் பலகைகள் வைப்பார்கள். ஆனால் ஒரு கேமுக்கு மாதக்கணக்கில் உட்காருவார்கள். வாரம் ஒன்று அவர்களால் ஆகாது. டி4 என்டர்பிரைஸ் பழைய ஜப்பானியக் கணினி கேம்களை விற்கிறது. சிட்டி கனெக்ஷன் 2014-இல் ஜாலெகோவின் உரிமைகளை வாங்கியது.

நெட்டுக்குத்துத் திரை கேம்களுக்கு டிவியைக் கவிழ்த்து வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, கவிழ்க்காமல் ஆடினால் படம் நடுவில் சின்னதாகத் தெரியும், இருபக்கமும் கறுப்பு. அமைப்பில் திரையைத் திருப்பும் வசதி இருக்கிறது. ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃப்ளிப் கிரிப்’ என்ற பிளாஸ்டிக் சட்டம் ஒன்று உண்டு. திரையை அதில் நெட்டாகச் செருகி, பக்கத்துக்கு ஒன்றாக கன்ட்ரோலரை மாட்டினால் கையடக்க ஆர்கேட் பெட்டி தயார். டிவியையே திருப்பித்தான் பார்ப்பேன் என்றால், அடியில் பழைய தலையணை ஒன்று வையுங்கள், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள்.